வீட்டுக்குப் போகிற பாதை: காசை அடியில் போடுங்க!



மழை ஆரம்பிச்சா நம்ம ஊர்ப் பக்கம் ஒரே புலம்பல்தான். தெருவுக்குத் தார் ரோடு வந்தாச்சு. ஆனால் தெருவில் இருந்து வீட்டு வாசல் வரை இருக்கிற முப்பது, நாற்பது அடி மட்டும் சேறு. பால் கேன் கட்டின சைக்கிள் வழுக்குது. பிள்ளைங்க செருப்பைக் கையில் எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகுதுங்க. பிரசவ வலி வந்த பெண்ணை 108 வண்டி நிற்கிற இடம் வரைக்கும் கைத்தாங்கலாகக் கூட்டிட்டு வர வேண்டியிருக்கு. அதனால்தான் குழுக் கூட்டங்களில், "பாதைக்குக் கல்லும் தாரும் போட உள்கடன் கேட்கலாமா?" என்று பல சகோதரிகள் கேட்கிறாங்க. தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அந்தப் பணம் எதற்குச் செலவாகணும் என்பதை முதலில் தெரிஞ்சுக்கணும்.

கல்லுக்கு என்ன வேலை, தாருக்கு என்ன வேலை?

தார்தான் ரோட்டுக்குப் பலம் என்று நிறையப் பேர் நினைக்கிறோம். அது சரியில்லை. வண்டியின் பாரத்தைத் தாங்குவது கல்லும், அதற்கு அடியில் காய்ந்து கெட்டியாக இருக்கிற மண்ணும்தான். தார் ஒரு குடை மாதிரி. மேலே இருந்து தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கும், சின்னக் கல்லைப் பிடித்து வைக்கும், புழுதியை அடக்கும். அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்த ஜான் லவுடன் மெக்காடம் (1756–1836) என்பவர்தான் இந்த உண்மையை உலகத்துக்குச் சொன்னார். அவர் பாதைகளில் தார் கிடையாது. ஆறு அவுன்சுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு மேல் எடையுள்ள கல் கூடாது. கல் உருண்டையாக இல்லாமல் உடைத்த கல்லாக இருக்கணும். அடிமண் எப்போதும் ஈரமில்லாமல் இருக்கணும். இதுதான் அவர் வைத்த விதி. உடைத்த கல்லுக்கு மூலைகள் உண்டு. அமுக்க அமுக்க ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்ளும். இன்றைக்கும் நம்ம ஊர் ரோடு வேலையில் "மெக்காடம்" என்று சொல்வது அவர் பெயரைத்தான்.

"மிச்சத் தார்" என்று வந்தால்...

பக்கத்து ஊரில் ரோடு வேலை நடக்கும்போது சில பேர் வண்டியோடு வருவாங்க. "அக்கா, தார் மிச்சம் இருக்கு, பாதி விலைக்குப் போட்டுத் தரேன். இன்னிக்கே முடிவு பண்ணுங்க" என்பாங்க. நமக்குத் தெரிந்த ஒரு குழு உறுப்பினர் இப்படித்தான் உள்கடன் வாங்கிக் கொடுத்தார். மண்ணைக்கூடச் செதுக்காமல் அதன் மேலேயே தாரை ஊற்றி ஜல்லியைத் தூவிவிட்டுப் போயிட்டாங்க. ஐப்பசி மழையில் தார் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. பாதை போயிடுச்சு, தவணை மட்டும் மாசாமாசம் கட்டிக்கிட்டு இருந்தார். அவசரப்படுத்தினால் வேண்டாம் என்று சொல்லுங்க. அடியில் எத்தனை அங்குலம் கல் என்று கேளுங்க. பதில் வராவிட்டால் பணம் கொடுக்காதீங்க.

வேலையைப் படிப்படியாகச் செய்வது எப்படி?

1. தண்ணீர் எங்கே போகும்? மழை பெய்யும்போது குடையோடு நின்று பாருங்க. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டுங்க. தெருச் சாக்கடையைத் தாண்டிப் பாதை போகுதுன்னா மண் போட்டு மூடாதீங்க. அடியில் குழாய் வைத்து, அதன் மேல் பாதை போடணும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் தண்ணீர் நிற்கும், சண்டையும் வரும்.

2. மண்ணைத் தோண்டுவது. புல், வேர், குப்பை, மேல் மண் எல்லாம் எடுத்து, சுமார் 6 அங்குலம் ஆழம் வெட்டணும். லேசாகத் தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இடித்து இறுக்கணும். கரிசல் மண் உள்ள ஊர்ச் சகோதரிகள் இதைக் கவனிங்க. கரிசல் மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். அதன் மேல் நேராகக் கல் போட்டால் கல் உள்ளே புதைஞ்சு போகும். இன்னும் ஆழமாக வெட்டி, நல்ல கிராவல் மண்ணை ஒரு அடுக்கு கொட்டி இறுக்கின பிறகுதான் கல் போடணும்.

3. கல் தளம். ஒன்றரை அங்குல உடைகல் ஜல்லியை இரண்டு தடவையாகப் பரப்பணும். ஒவ்வொரு தடவையும் சின்ன ரோலர் விட்டு இறுக்கி, இடைவெளியில் கிரஷர் பொடி தூவி, தண்ணீர் தெளித்து மறுபடியும் உருட்டணும். எல்லாம் இறுகின பிறகு 4 அங்குலம் கனம் இருக்கணும். ஆற்றுக் கூழாங்கல் வேண்டாம், அது உருண்டு ஓடிடும்.

4. நடுவில் மேடு. 8 அடி அகலப் பாதை என்றால் ஓரத்தைவிட நடுப்பகுதி ஒன்றரை அங்குலம் உயரமாக இருக்கணும். அப்பத்தான் தண்ணீர் நிற்காமல் இரண்டு பக்கமும் வடியும். ஓரத்தில் கல் சரியாமல் இருக்க வரிசையாகக் கல்லோ செங்கல்லோ பதிங்க.

5. இங்கே நிறுத்துங்க! பணம் குறைவாக இருந்தால் இத்தோடு நிறுத்தி ஒரு மழைக்காலம் பாருங்க. இந்தப் பாதையிலேயே சேறு இல்லாமல் வண்டி வரும். எங்கே பள்ளம் விழுதோ அங்கே கல் போட்டுச் சரி பண்ணுங்க. தாரை அடுத்த வருஷம் போட்டால் போதும். கடனையும் இரண்டாகப் பிரித்து வாங்கலாம்.

6. தார். வீட்டு வேலைக்குக் கொதிக்கிற தார் வேண்டாம். தாரைத் தண்ணீரில் கலந்து செய்த எமல்ஷன் என்று ஒன்று இருக்கு. அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம், அப்படியே தெளிக்கலாம். முதலில் கல் தளத்தைச் சுத்தமாகக் கூட்டி, எஸ்.எஸ்-1 என்ற மெதுவாக இறுகும் எமல்ஷனை மெல்லிசாகத் தெளித்து ஒரு நாள் காயவிடணும். பிறகு ஆர்.எஸ்-2 என்ற சீக்கிரம் இறுகும் எமல்ஷனைச் சீராகத் தெளித்து, உடனே அரை அங்குல ஜல்லியைத் தூவி உருட்டணும். தெளிக்கும்போது காப்பிப் பொடி நிறத்தில் இருக்கும், இறுகும்போது கறுப்பாகும். கறுப்பாகும் முன்பே ஜல்லி விழுந்துடணும். அது இறுகின பிறகு இரண்டாவது தடவை தெளித்து, கால் அங்குல ஜல்லி தூவி உருட்டணும். ஜல்லியில் புழுதி இருந்தால் தார் ஒட்டாது. அதனால் கழுவின ஜல்லி முக்கியம். டிரம்மைத் திறக்கும் முன் நன்றாக உருட்டிவிடணும்.

மழை வர மாதிரி இருந்தால் தார் வேலையே வேண்டாம். தை முடிந்து மாசி, பங்குனி நல்ல காலம். வேலை முடிந்த பிறகு ஒரு நாள் முழுக்க வண்டி விடாதீங்க. அப்புறமும் சில நாள் மெதுவாகத்தான் ஓட்டணும். ஒட்டாத ஜல்லியைக் கூட்டி எடுத்து வையுங்க, பள்ளம் அடைக்க உதவும்.

கணக்கு இதுதான்

30 அடி நீளம், 8 அடி அகலம், அதாவது 240 சதுர அடிப் பாதைக்குத் தோராயமாக:

ஒன்றரை அங்குல ஜல்லி – 1 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் (1 யூனிட் = 100 கன அடி)
கிரஷர் பொடி – கால் யூனிட்
எஸ்.எஸ்-1 எமல்ஷன் – 16 முதல் 22 கிலோ
ஆர்.எஸ்-2 எமல்ஷன் – இரண்டு தடவைக்கும் சேர்த்து 60 கிலோ
அரை அங்குல ஜல்லி – 10 கன அடி
கால் அங்குல ஜல்லி – 4 கன அடி

விலை ஊருக்கு ஊர் மாறும். இந்த அளவை எழுதி எடுத்துக்கிட்டுப் போய் இரண்டு, மூன்று இடத்தில் விலை கேளுங்க. எமல்ஷன் டிரம் 200 கிலோ என்பதால், ஒரு ஆர்.எஸ்-2 டிரம் மூன்று வீட்டுக்கு வரும். ரோலர் வாடகையும் லாரி வாடகையும் அப்படியே. ஒரே தெருவில் இருக்கிற மூன்று உறுப்பினர்கள் ஒரே வாரத்தில் சேர்ந்து செய்தால் வாடகைச் செலவு மூன்றாகப் பிரியும்.

இதையெல்லாம் செய்யாதீங்க

ஒர்க் ஷாப்பில் கிடைக்கிற எரிந்த ஆயிலைப் புழுதி அடங்க ஊற்றாதீங்க. அது கல்லை ஒட்டாது. மழைத் தண்ணீரோடு கிணற்றுக்கும் குளத்துக்கும் போகும். அது விஷக் கழிவு.

வாசல் வரைக்கும் தார் போடாதீங்க. கோலம் போடவும் சாணம் தெளிக்கவும் நாலைந்து அடி மண் வாசலை விட்டு வையுங்க. சித்திரை வெயிலில் தாரில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

கொதிக்கிற தாரில் வேலை செய்யும் இடத்துக்குக் குழந்தைகளை விடாதீங்க. யார் மேலாவது பட்டுவிட்டால் தாரைப் பிய்த்து எடுக்கக் கூடாது, மண்ணெண்ணெய் போடவும் கூடாது. இருபது நிமிஷம் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கிட்டே இருந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

பொதுத் தெருவுக்கு நம்ம கைக்காசைப் போடாதீங்க. அது ஊராட்சியின் பொறுப்பு. தமிழ்நாட்டில் 2022 முதல் வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை நடக்குது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குழுவாகப் போய் மனு கொடுத்து, தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்க.

பராமரிப்பு

ஒவ்வொரு வருஷமும் புரட்டாசியில் வாய்க்காலைத் தூர் எடுங்க. சின்னப் பள்ளம் விழுந்தால் அந்த வாரமே அடைங்க. விட்டால் அதில் தண்ணீர் நின்று பெரிசாகும். சில வருஷத்தில் மேல் தார் தேயும். அப்போது ஒரு தடவை தாரும் சின்ன ஜல்லியும் போட்டால் போதும். அடிக்கல் அப்படியே இருக்கும். அடியில் போட்ட காசு வீணாகாது என்று சொல்வது இதனால்தான்.

குழுவில் பேசிப் பாருங்க

இந்தப் பக்கத்தை அடுத்த கூட்டத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிங்க. நம்ம தெருவில் யார் வீட்டுப் பாதையில் தண்ணீர் நிற்குது? சேர்ந்து செய்ய எத்தனை பேர் தயார்? பாதைக்கு உள்கடன் கொடுத்தால் தவணை கட்ட வருமானம் எங்கிருந்து வரும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு தீர்மானம் போடுங்க. கல் இறங்குற அன்னிக்கு ஒரு உறுப்பினராவது அளவு டேப்போடு பக்கத்தில் நில்லுங்க.

– கள ஒருங்கிணைப்பாளர்