எல்லைக்கோடு – 19: காசு தந்தவரின் பெயர்

சென்ற வாரம் நடுவர்களின் கொடுப்பனவோடு நின்றிருந்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது நினைவிருக்கும். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது, தருகிறவர் பதிலுக்கு எதைக் கேட்கிறார் என்பது இந்த வாரம்.

மானிப்பாயிலிருந்து காரைநகர் போகும் வீதியில் சண்டிலிப்பாயைத் தாண்டுவதற்குள் மதில்களைப் பாருங்கள். போட்டிச் சுவரொட்டிகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கும். மேலே மாலையிட்ட ஒருவரின் படம். அதன் கீழே, 'அமரர் இன்னாரின் ஞாபகார்த்த வெற்றிக் கிண்ணத்துக்கான மாபெரும் மென்பந்துத் துடுப்பாட்டச் சுற்றுப்போட்டி'. பிறகு முதற்பரிசுத் தொகை. அதற்கும் கீழே 'அனுசரணை' என்று போட்டு ஒரு நகைக்கடை, ஒரு கட்டடப்பொருள் கடை, கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் ஒரு குடும்பம். போட்டியை நடத்தும் கழகத்தின் பெயர் அடிவரியில், கண்ணைச் சுருக்கிப் படிக்கிற அளவில். அண்மையில் நான் பார்த்த ஒன்றில் அமரரின் இடத்தில் கடையின் பெயரே ஏறியிருந்தது.

அந்தக் கழகத்தின் பொருளாளரிடம் கேட்டேன். "அண்ணை, காசு தாறவன்ர பேரைப் போடாட்டி அடுத்தமுறை ஆர் தாறது? பந்து வாங்கோணும், லைற் பிடிக்கோணும், அம்பயர்மாருக்குக் குடுக்கோணும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு வரியைக்கூட மறுக்க முடியாது. தந்தவரின் பெயரைப் போடத்தான் வேண்டும். எந்த இடத்தில் போடுவது என்பதில்தான் எனக்கு வழக்கு.

அந்த வழக்குக்கு நியாயம் தேடப்போய், இந்த வாரம் முழுக்க நன்னூலில் அகப்பட்டுக்கொண்டேன். அதன் பாயிரத்தில் ஒரு நூலுக்குப் பெயர் எதனால் வரும் என்று சொல்லும் சூத்திரம் ஒன்று இருக்கிறது. முதனூலால் வரலாம், இயற்றியவரால் வரலாம், அளவால், மிகுதியால், பொருளால், தன்மையால் வரலாம், இடுகுறியாகவும் வரலாம் என்று அடுக்கிக்கொண்டு போகும் பவணந்தி முனிவர், அந்த வரிசையில் 'செய்வித்தோன்' என்று ஒருவரையும் சேர்த்திருக்கிறார். எழுதியவர் வேறு, எழுத வைத்தவர் வேறு. எழுத வைத்தவரின் பெயரையும் நூலுக்கு இடலாம் என்று இலக்கணமே ஒத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது நான் கவனிக்காமல் கடந்த சொல் இது. இன்றைக்கு நாம் அனுசரணையாளர் என்கிறவருக்கு ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பாயிரத்தில் ஓர் ஆசனம் போடப்பட்டிருக்கிறது.

இதைவிடச் சுவையானது பவணந்தி தன் நூலில் என்ன செய்தார் என்பது. நன்னூலைச் செய்வித்தவன் சீயகங்கன் என்ற சிற்றரசன். சிறப்புப்பாயிரம் அவனைத் தாராளமாகப் புகழ்கிறது. அவன் கேட்டதனால்தான் இந்த நூல் பிறந்தது என்று பதிந்தும் வைக்கிறது. ஆனால் நூலின் பெயர் 'சீயகங்கம்' அல்ல, நன்னூல். தன்மையால் வந்த பெயர் அது. விதியில் இடம் கொடுத்தவரே தன் நூலின் தலைப்பில் அதைப் பயன்படுத்தவில்லை. செய்வித்தவனுக்கு வாசலிலே முழு மரியாதை செய்தார். பெயர்ப்பலகையை அவனிடம் கொடுக்கவில்லை.

செய்வித்தோனால் பெயர் பெற்ற நூல்களுக்குப் பழைய உரைகாரர்கள் காட்டும் உதாரணங்கள் சாதவாகனமும் இளந்திரையமும். இரண்டும் இன்று கையில் இல்லை. பெயர்கள் மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன. செய்வித்தோன் பெயரை வைத்ததால் அழிந்தன என்று நான் சொல்லவரவில்லை. செல்லுக்கு எல்லா ஏடும் ஒன்றுதான். தஞ்சைவாணன் கோவை புரவலனின் பெயரோடுதான் இன்றும் வாழ்கிறது. ஆனால் அந்தக் கோவையிலும் ஒரு பங்கீடு உண்டு. காதலிப்பவன் கிளவித்தலைவன், வாணன் பாட்டுடைத்தலைவன். புரவலன் எத்தனை பாட்டில் வந்தாலும் கதைக்குள் இறங்கி நாயகனாகிவிட மாட்டான்.

நமது யாழ்ப்பாணத்து ஏடுகளுக்கு வருவோம். ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்து வைத்திய நூல்கள் இரண்டு, செகராசசேகரமும் பரராசசேகரமும். இரண்டும் அரசர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்ட சிங்காசனப் பெயர்கள். எந்தச் செகராசசேகரன், எந்தப் பரராசசேகரன் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த மருந்துகளை அரைத்துப் பார்த்து, பத்தியம் சொல்லி, பாட்டாகக் கட்டிய வைத்தியர்களின் பெயரோ நமக்கு வந்து சேரவில்லை. என் கவலை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. காசு தந்தவரின் பெயர் தலைப்பில் ஏறும்போது, வேலை செய்தவரின் பெயர் எங்கேயாவது எழுதப்படுகிறதா?

எங்கள் சண்டிலிப்பாயிலேயே மறுபக்கத்து உதாரணம் உண்டு. கல்வளைப் பிள்ளையாரைப் பாடிய அந்தாதியை இயற்றியவர் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர். நூலின் பெயர் கல்வளை அந்தாதி. பாடியவர் வேற்றூர், பெயர் சண்டிலிப்பாய் மண்ணுக்கு. அதை யாராலும் விலைக்கு வாங்க முடியாது.

இனி மைதானம். இங்கிலாந்தில் கவுண்டி ஆட்டங்களுக்குச் சனம் குறைந்துகொண்டு வந்தபோது, 1963 இல் ஒருநாள் ஆட்டமாக ஒரு சுற்றுப்போட்டி தொடங்கினார்கள். சவர அலகு விற்கும் ஜிலெட் நிறுவனம் உதவிக்கு வந்தது. முதலாண்டில் அதன் பெயர், முதல்தரக் கவுண்டிகளின் விலகல்முறைப் போட்டி, ஜிலெட் கிண்ணத்துக்கானது என்கிற மாதிரி நீட்டி முழக்கி இருந்தது. போட்டிக்கு ஒரு பெயர், கிண்ணத்துக்கு ஒரு பெயர். அடுத்த ஆண்டிலிருந்தே அது வெறும் 'ஜிலெட் கிண்ணம்' ஆகிவிட்டது. முன்பாதி உதிர்ந்து பின்பாதியே முழுப்பெயரானது. 1980 உடன் ஜிலெட் விலக, மறு ஆண்டே அதே போட்டி ஒரு வங்கியின் பெயரில் நடந்தது. ஜிலெட் என்ற பெயரைச் சொன்னால் சவர அலகைவிடக் கிரிக்கெட்தான் சனத்தின் நினைவுக்கு வந்தது, விலகலுக்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். தலைப்பில் ஏறியதால் தந்தவருக்கே நட்டம் வந்த கதை அது.

இலங்கையின் கழகங்களுக்கிடையிலான தலையாய போட்டி 1938 இல் 'டெயிலி நியூஸ்' பத்திரிகையின் பெயரில் தொடங்கியது. பின்னர் 1950களில் பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைப் பெற்றது. சிவில் சேவை அதிகாரி, துடுப்பாட்டச் சபையின் தலைவர், தமிழ் யூனியன் கழகத்தின் தூண். அந்தக் கழகத்தின் ஓவல் மைதானமும் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1982 பெப்ரவரி 17 இல் தொடங்கியது அங்கேதான். அந்தக் கழகப் போட்டி முதல்தர அந்தஸ்துப் பெற்ற 1988-89 பருவத்தில் கிண்ணத்தில் இருந்த பெயரோ 'லக்ஸ்பிரே', ஒரு பால்மா. 1990களில் திரும்பவும் சரவணமுத்து கிண்ணமாகி, அதன் பிறகு அந்தப் பெயரும் போய்விட்டது. பால்மா நிறுவனம் கெட்டது செய்ததாக நான் நினைக்கவில்லை. காசு தந்தது, போட்டி நடந்தது. ஆனால் வாழ்நாளை விளையாட்டுக்குக் கொடுத்தவரும், சில பருவங்களுக்குக் காசு கொடுத்தவரும் ஒரே கதிரைக்குப் போட்டியிடுகிற நிலைமை வரக்கூடாது.

உலகக் கிண்ணமே இதற்குத் தப்பவில்லை. முதல் மூன்று முறையும் புரூடென்ஷியல் காப்புறுதி, 1987 இல் ரிலையன்ஸ், 1992 இல் பென்சன் அன்ட் ஹெட்ஜஸ், 1996 இல் வில்ஸ். கடைசி இரண்டும் சிகரெட். 1996 மார்ச் 17 இல் லாகூரில் அர்ஜுன ரணதுங்க கையில் ஏந்தியது 'வில்ஸ் உலகக் கிண்ணம்'. அன்றைக்குச் சண்டிலிப்பாய் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தது. முந்திய ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து, தென்மராட்சியில் பள்ளிக்கூடங்களிலும் பிறர் வீட்டு விறாந்தைகளிலும் இருந்தது. பற்றரி இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்ட சனம் அது. அந்த ஆட்டத்தை அப்படிக் கேட்டவர்கள் இன்றும் 'தொண்ணூற்றாறு உலகக் கிண்ணம்' என்கிறார்களே தவிர, வில்ஸ் என்று ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. 1999 முதல் உலகக் கிண்ணத்தின் தலைப்பு எந்த நிறுவனத்துக்கும் விற்கப்படவில்லை. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசார நிறுவனங்களின் அனுசரணையையே தடுத்துவிட்டது. சில பெயர்கள் மைதானத்துக்குள் வரவே கூடாது என்று நாடே தீர்மானிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

பெயரை விற்காவிட்டால் காசு வராதா? யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெரும் போர்' 1904 இல் தொடங்கியது. நம் பக்கத்து வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் சென். பற்றிக்ஸும் ஆடுவது 'பொன் அணிகளின் போர்'. அனுசரணையாளர்கள் வருகிறார்கள், மாறுகிறார்கள். பதாகையில் கீழே நிற்கிறார்கள். பெயர் அசையவில்லை. பழைய மாணவன் எந்த நாட்டில் இருந்தாலும் அந்தப் பெயரைக் கேட்டவுடன் ஆண்டைச் சொல்கிறான், ஓட்டத்தைச் சொல்கிறான். நிறுவனங்கள் தேடி வருவதே அந்தப் பிடிப்புக்காகத்தான். பெயரை ஆண்டுக்கு ஆண்டு மாற்றினால், விற்கிற பொருளையே நாம் கரைத்துவிடுகிறோம்.

அதனால் எங்கள் ஊர்க் கழகங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். போட்டிக்கு ஊரின் அல்லது கழகத்தின் பெயரை நிலையாக வையுங்கள். கிண்ணத்துக்கு, குறைந்தது ஐந்து ஆண்டு தொடர ஒப்புக்கொண்டால் மட்டும், ஒரு நினைவுப்பெயரைக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் மகன் தன் பெயரை விட்டுவிட்டுத் தகப்பன் பெயரைப் போடச் சொல்கிறானே, அது மேலான குணம். அதற்கு இடம் இருக்கவேண்டும். கடைக்கு அனுசரணை வரியில் பெரிய எழுத்தில் நன்றி சொல்லுங்கள். கிண்ணத்தின் அடிப்பீடத்தில் ஒட்டுகிற ஸ்ரிக்கர் வேண்டாம். வாசிகசாலை அலுமாரிக் கிண்ணங்களைத் திருப்பிப் பாருங்கள்: ஸ்ரிக்கர் உரிந்து பசை மட்டும் கறுத்திருக்கும், பித்தளைத் தகட்டில் வெட்டியது அப்படியே இருக்கும். வென்ற கழகம், ஆண்டு, தலைவர் பெயர் மூன்றையும் தகட்டில் வெட்டுங்கள். வைத்தியர்களின் பெயரை நாம் இழந்தது போதும்.

வீரர்களின் மேலங்கியில் ஏறும் பெயர்களையும் இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நன்னூல் இடத்தை எடுத்துக்கொண்டது. 2020 இல் 'ஜப்னா ஸ்டாலியன்ஸ்' என்று லங்கா பிரீமியர் லீக்கை வென்ற அணி, உரிமையாளர் மாறியதும் அடுத்த ஆண்டே 'ஜப்னா கிங்ஸ்' ஆகித் திரும்பவும் வென்றது. பெயரில் ஊர் நின்றது, மற்றது மாறியது. அந்த அணியில் யாழ்ப்பாணத்துக்கு உண்மையில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதை அடுத்த வாரம் கணக்குப் பார்ப்போம்.

(தொடரும்)