முழங்கால் நோவும் காந்தப் படமும்

பினாங்குத் தண்ணீர்மலையில் பாலதண்டாயுதபாணி திருக்கோயிலை அடைய 513 படிகள் ஏறுதல் வேண்டும். படியேறுங்கால் முழங்கால் மூட்டின்மேல் விழும் சுமை உடல் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இறங்குங்கால் அது இன்னும் மிகும். ஏறும்போது பொறுத்த கால் இறங்கும்போது நோவதில் வியப்பில்லை.

நோவு ஒன்றாயினும் காரணம் பல. தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு, சில்லு என்னும் மூன்றும் கூடுமிடமே முழங்கால் மூட்டு. எலும்பு முனைகளைக் குருத்தெலும்பு போர்த்துள்ளது. இடையே பிறை வடிவான இரு குருத்துத் தகடுகள் மெத்தைபோல் கிடக்கின்றன. நான்கு பெரிய இணைநார்கள் மூட்டைக் கட்டிக் காக்கின்றன. இவற்றுள் எது பழுதுற்றாலும் நோவு தோன்றலாம். எக்ஸ்ரே எலும்பைத் தெளிவாகக் காட்டும். குருத்தையும் நாரையும் அவ்வாறு காட்டாது. அக்குறையை நீக்க வந்ததே எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படம்.

இதற்கு அடிப்படையான உண்மையை 1946-இல் பிளாக், பர்செல் என்னும் அறிஞர் இருவர் தனித்தனியே கண்டனர். அதனைக் கொண்டு படம் எடுக்கலாம் என்று 1973-இல் லாட்டர்பர் காட்டினார். அவரும் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றனர்.

நம் உடலில் நீரே மிகுதி. நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நுண்ணிய காந்தங்கள் போன்றவை. இக்கருவியின் காந்த ஆற்றல் பெரும்பாலும் 1.5 டெஸ்லா, அஃதாவது புவிக்காந்தத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. அதனால் ஒழுங்குபட்ட அணுக்கருக்களை வானொலி அலை சாய்க்கின்றது. அலை நின்றதும் அவை பழைய நிலைக்கு மீளுங்கால் மெல்லிய குறிகளை விடுக்கின்றன. குறிகள் திசுவுக்குத் திசு வேறுபடும். கணிப்பொறி அவற்றைப் படமாக்குகின்றது. நலமுள்ள நாரும் பிறைத்தகடும் கருமையாகத் தோன்றும்; கிழிசல் வெண்கோடாகவும், எலும்பினுள் கோத்த நீர் வெண்திட்டாகவும் தோன்றும். எக்ஸ்கதிர் இதில் இல்லை. ஆயினும் உடலினுள் உலோகமோ இதய முடுக்கியோ உடையவர் அதனை முன்னரே சொல்லுதல் வேண்டும்.

படத்தில் காணும் பழுதெல்லாம் நோவுக்குக் காரணம் ஆகா. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயதுவரையுள்ள 991 பேரை ஆராய்ந்த முடிவு 2008-இல் வெளிவந்தது. பிறைத்தகடு கிழிந்திருந்தோருள் நூற்றுக்கு 61 பேர் முந்திய ஒரு மாதத்தில் அம்முழங்காலில் நோவே அறியாதவர்கள்!

ஆதலின் மருத்துவர் முதலில் நோவின் வரலாற்றைக் கேட்பார். மூட்டைக் கையால் ஆராய்வார். முதுமைத் தேய்வுக்கு நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே பெரும்பாலும் போதும். அடிபட்டபின் மூட்டு பூட்டிக்கொண்டாலோ, கால் திடீரென மடங்கினாலோ காந்தப் படம் பெரிதும் பயன்படும். இப்படத்தால் மருத்துவ முறை மாறுமா என்பதே பொருள் செலவிடுமுன் நோயாளர் கேட்டறிய வேண்டிய வினாவாகும்.