மருந்தைத் தின்னும் மருந்து

1957இல் பிரான்சின் தென்கடற்கரைப் பைன் காடு ஒன்றிலிருந்து அள்ளிய மண்ணை, இத்தாலியின் மிலான் நகரில் ஓர் ஆய்வகத்தில் சோதித்தார்கள். அதில் இருந்த பாக்டீரியாவின் சுரப்பைத் திருத்தி உருவாக்கியதுதான் ரிஃபாம்பிசின். காசநோய்க்கு இன்றுவரை அதுதான் முக்கிய மருந்து. 1984இல் ஜப்பானின் சுகுபா மண்ணில் இன்னொரு பாக்டீரியா கிடைத்தது. அது தந்த டாக்ரோலிமஸ், மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாமல் காக்கிறது. இரண்டும் ஒரே உடம்புக்குள் போனால் ஒன்று மற்றொன்றைக் காலி செய்துவிடும். நம் நாட்டில் இரண்டும் ஒருவருக்கே தேவைப்படுவது அபூர்வமல்ல.

1954இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றத்தில், கொடுத்தவரும் பெற்றவரும் அச்சு அசலான இரட்டையர். அதனால் எதிர்ப்பை அடக்கும் மருந்தே வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ப்ரெட்னிசலோன் என்று சிறுநீரகம் வேலை செய்யும் காலமெல்லாம் மாத்திரைதான். எதிர்ப்பை நடத்தும் வெள்ளணுக்களான டி செல்களை உசுப்பும் சமிக்ஞையை டாக்ரோலிமஸ் அறுத்துவிடுகிறது. அதனால் அந்நியச் சிறுநீரகம் தப்பிக்கிறது. கூடவே கிருமிகளும் தப்பிக்கின்றன.

முதல் மாதத்தில் வருபவை எந்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் வரக்கூடியவைதான்: தையல் புண்ணில் சீழ், சிறுநீர்க் குழாய் வழியே தொற்று. அடுத்த ஐந்து மாதங்களில் மருந்தின் பிடி உச்சத்தில் இருக்கும். நம்மில் பெரும்பாலோருக்குள் சிறு வயதிலேயே புகுந்து சும்மா கிடக்கும் சைட்டோமெகலோ வைரஸ் அப்போது தலைதூக்கும். பிகே வைரஸோ புதுச் சிறுநீரகத்தையே அரிக்கும். அதற்கென்று நிரூபணமான மருந்து இல்லாததால், எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளைக் குறைத்துப் பார்க்கிறார்கள். நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியாவை மட்டும் கோட்ரைமாக்சசோல் என்ற மலிவான பழைய மாத்திரை தடுத்துவிடுகிறது. இந்தச் சிகிச்சையில் இத்தனை சகாய விலையில் இவ்வளவு உழைக்கும் மருந்து வேறில்லை என்பேன்.

மேலைநாட்டுப் பாடநூல்களின் இந்தக் கால அட்டவணை இங்கேயும் பெரும்பாலும் பொருந்தும். காசநோய் மட்டும் அதற்குள் அடங்குவதில்லை. 1971இலேயே சிறுநீரக மாற்றத்தைத் தொடங்கிவிட்ட வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்குக் காசநோய் வந்திருந்தது. மேலைநாடுகளில் நூற்றுக்கு ஒருவருக்கு வந்தாலே அதிகம்.

உலக மக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குள் காசக்கிருமி புகுந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. வெள்ளணுக்கள் அதை வளைத்து அடைத்து வைத்திருப்பதால் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. டி செல்கள் தளர்ந்தால் அந்த முற்றுகை உடைகிறது. இருமலும் சளியும் இல்லாமல், விட்டுவிட்டு வரும் காய்ச்சலாக மட்டுமே நோய் தெரியலாம். நெறிகட்டி, குடல், எலும்பு மஜ்ஜை என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அப்போது சளிப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது.

கண்டுபிடித்த பிறகு மருந்துச் சண்டை தொடங்குகிறது. டாக்ரோலிமஸை உடைக்கும் நொதி கல்லீரலிலும் குடலிலும் இருக்கிறது. ரிஃபாம்பிசின் அதைப் பெருக்கிவிடும். விழுங்கிய மாத்திரையில் பெரும்பங்கு ரத்தத்தில் சேருமுன்பே சிதைந்துபோகும். காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுத்துப் பார்க்கும் ‘டாக்ரோ லெவல்’ சில நாட்களிலேயே சரியும். கவனிக்காமல் விட்டால் உடல் சிறுநீரகத்தை ஒதுக்கத் தொடங்கும். ஈடுகட்ட மூன்று முதல் ஐந்து மடங்கு வரை டோஸ் தேவைப்படலாம். மருந்துச் செலவும் அதே கணக்கில் ஏறும்.

அதனால் பல மருத்துவர்கள் ரிஃபாம்பிசினைத் தவிர்த்துவிட்டு, லிவோஃப்ளாக்சசின் போன்றவற்றைச் சேர்த்து, சிகிச்சையை ஓராண்டு அல்லது அதற்கு மேலும் நீட்டிக்கிறார்கள். நொதியை அவ்வளவாகத் தூண்டாத ரிஃபாபுட்டின் இன்னொரு வழி. ஆனால் அரசுக் காசநோய்த் திட்டத்தின் வழக்கமான கூட்டு மாத்திரையில் ரிஃபாம்பிசின் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கிறது. சிறுநீரகம் மாற்றியதை நோயாளி சொல்லட்டும் என்று விடாமல், மாத்திரை கொடுப்பவர்களே கேட்டுவிடுவது நல்லது.

ரிஃபாம்பிசினையே எடுத்துக்கொள்பவர்களுக்குச் சிகிச்சை முடியும்போதும் ஒரு கண்டம் உண்டு. நிறுத்திய இரண்டு வாரங்களுக்குள் நொதி பழைய அளவுக்கு இறங்கிவிடும். உயர்த்திய டோஸை அப்படியே தொடர்ந்தால் டாக்ரோலிமஸ் ரத்தத்தில் குவியும். அளவு மீறினால் அது சிறுநீரகத்துக்கே நஞ்சு. எனவே காசநோய் மாத்திரை தீர்ந்த பிறகும் சில வாரங்களுக்கு ‘லெவல்’ பார்த்துப் பார்த்து டோஸைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள்.