ஒரு பிரயாணம், இரண்டு சீட்டு!

ஜப்பானில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளையோ மாப்பிள்ளையோ, "ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள்" என்று அழைக்க, நீங்களும் டோக்கியோ போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக் கொள்வோம். கியோட்டோவின் கோயில்களைப் பார்க்க ஆசை. மாப்பிள்ளைக்கோ லீவு கிடைக்கவில்லை! ஆகையால் 'ஷின்கான்சென்' என்ற புல்லட் ரயிலுக்கு நீங்களே டிக்கெட் வாங்கியாக வேண்டும்.

பயப்படாதீர்கள். 1964 அக்டோபர் முதல் தேதி ஓடத் தொடங்கிய இந்த ரயில், இன்று மணிக்கு 285 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. ஆனால் டிக்கெட் வாங்குவதற்கு அவ்வளவு வேகம் வேண்டாம், நிதானம்தான் வேண்டும்.

முதலில், கவுண்ட்டரில் இரண்டு சீட்டுகளை நீட்டினால் திகைக்காதீர்கள். ஒன்று, இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குப் போவதற்கான சாதாரணக் கட்டணம். மற்றொன்று, விரைவு ரயிலில் ஏறுவதற்கான அதிகப்படிக் கட்டணம். (இரண்டையும் ஒரே சீட்டில் அச்சடித்துத் தருவதும் உண்டு.) ஸ்டேஷன் வாசலில் உள்ள இயந்திரத்தில் இரண்டையும் சேர்த்தே நுழைக்க வேண்டும். உள்ளே போன சீட்டுகள் மறு பக்கம் எட்டிப் பார்க்கும். அவற்றை மறக்காமல் எடுத்துக் கொள்ளுங்கள். இறங்கும் ஊரிலும் அவை வேண்டும்.

எந்த ரயில்?

இந்தப் பாதையில் மூன்று வகை ரயில்கள் ஓடுகின்றன. 'நொஸோமி' சில ஊர்களில் மட்டுமே நிற்கும். கியோட்டோவுக்குச் சுமார் இரண்டே கால் மணி நேரம். 'ஹிகாரி' சற்றுக் கூடுதலாக நிற்கும். 'கொடாமா'வோ ஒரு ஸ்டேஷனையும் விடாது! ரிஸர்வ் செய்யாமல் ஏறுவதற்கும் தனிப் பெட்டிகள் உண்டு. ஆனால் புது வருஷம், ஏப்ரல் கடைசி முதல் மே ஆரம்பம் வரை, ஆகஸ்டு நடுப்பகுதி ஆகிய விடுமுறை நாட்களில் நொஸோமியில் எல்லாமே ரிஸர்வ் ஆசனங்கள்தான். பிரயாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, அங்கே காலை பத்து மணிக்கு ரிஸர்வேஷன் ஆரம்பமாகிறது.

கணக்கு நோட்டை எடுங்கள்

"வெளிநாட்டாருக்கென்று ஒரு பாஸ் இருக்கிறதாமே? அதை வாங்கினால் லாபமாமே?" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மைதான். ஆனால் ஏழு நாள் பாஸின் விலையை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்த்திவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போக ஒருவருக்குச் சுமார் 14,000 யென். போய்த் திரும்ப 28,000. இந்த ஒரு ஊருக்காக மட்டும் பாஸ் வாங்கினால் தலைக்கு இருபதாயிரம் யென்னுக்கு மேல் நஷ்டம்! நாலு பேர் என்றால் பெருக்கிப் பாருங்கள். போதாக்குறைக்கு, பாஸ் இருந்தாலும் நொஸோமியில் ஏற அதிகப்படியாகப் பணம் கட்ட வேண்டும். ஒரே வாரத்தில் பல தூர ஊர்களுக்குப் போகிறவர்களுக்குத்தான் பாஸ் கட்டுப்படியாகும்.

குழந்தைகள் விஷயத்தில் சலுகை உண்டு. ஆறிலிருந்து பதினொரு வயது வரை பாதிக் கட்டணம். அதற்கும் சிறியவர்கள், தனி ஆசனம் கேட்காமல் மடியில் உட்கார்ந்தால், பெரியவர் ஒருவருக்கு இரண்டு குழந்தைகள் வரை இலவசம்.

எந்த ஆசனம்?

சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்கு ஐந்து ஆசனங்கள்: ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு. தம்பதியாகப் போகிறவர்கள் இருவர் ஆசனமான 'டி', 'இ' கேளுங்கள். டோக்கியோவிலிருந்து போகும்போது அது வலது பக்கம். வானம் தெளிவாக இருந்தால், முக்கால் மணி நேரத்தில் பூஜி மலை ஜன்னலுக்கு வெளியே தரிசனம் தரும்!

அடுத்தது பெட்டி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறதா? அப்படியானால் டிக்கெட் வாங்கும்போதே சொல்லி, பின்னால் பெட்டி வைக்க இடமுள்ள கடைசி வரிசை ஆசனத்தைக் கேளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. சொல்லாமல் ஏறினால் ஆயிரம் யென் வசூலிப்பார்கள். வீட்டிலேயே அளவு நாடாவை எடுத்து அளந்துவிடுங்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காய்கறிப் பண்டமாகத் தோன்றுவதிலும் மீன் சாறு கலந்திருக்கலாம். ரயிலில் சாப்பிடத் தடையில்லை. மகள் வீட்டிலிருந்து ஒரு டப்பா புளியோதரை கட்டிக் கொண்டு போனால் நிம்மதி!

ஒன்று மட்டும் ஞாபகமிருக்கட்டும். வழியில் உள்ள ஊர்களில் ரயில் ஓரிரு நிமிஷம்தான் நிற்கும். கியோட்டோ வருமுன்பே பெட்டி, பை, பேரக் குழந்தை எல்லாவற்றையும் எண்ணிக் கொண்டு வாசலருகே வந்துவிடுங்கள். கூடவே அந்த இரண்டு சீட்டுகளையும்!