புகையைக் கண்டு பயந்த தாத்தா

ரயில்வே டீசல் ஷெட்டில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கை இது. போன கோடை விடுமுறையில், உள்ளங்கையில் அடங்கும் ஓர் எஞ்சின் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டது. அந்த அனுபவம் மற்றவர்களுக்கு உதவட்டும் என்றே எழுதுகிறேன்.

என் பேரனுக்கு அவன் மாமா நைட்ரோ எஞ்சின் வைத்த ரேடியோ கன்ட்ரோல் ட்ரக் ஒன்று வாங்கிக் கொடுத்தார். சுமார் 3 சி.சி. எஞ்சின்தான், ஆனால் நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளுக்கு மேல் சுற்றும். நம் டீசல் எஞ்சின் சுற்றுவது 1,000தான். வண்டி பின்னால் வெண்புகை விட்டுக்கொண்டு போனது. ஷெட்டில் புகை என்றாலே கோளாறு என்று பழகிய எனக்கு அது பொறுக்கவில்லை. கார்புரேட்டர் ஊசித் திருகை வலப்பக்கம் முக்கால் சுற்றுத் திருப்பினேன். புகை நின்றது, வண்டி பறந்தது. "சூப்பர் தாத்தா!" என்று குதித்தான் பையன். இரண்டே நிமிடத்தில் எஞ்சின் நின்றது. பிறகு கயிற்றை இழுத்தால் கம்ப்ரஷனே இல்லை. பிஸ்டனும் ஸ்லீவும் போய்விட்டன. பேரன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

எங்கே தவறினேன்? டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் தனியாக, டீசல் தனியாக. இதற்கு அப்படி இல்லை. மெதனால், நைட்ரோமீத்தேன், மசகு எண்ணெய் மூன்றும் ஒரே கலவை. எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயும் குறையும். மெல்லிய வெண்புகை, எஞ்சினுக்கு எண்ணெய் கிடைக்கிறது என்பதற்கு அடையாளம்.

இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. க்ளோ பிளக்கில் உள்ள பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருளை 1.5 வோல்ட் பேட்டரியால் சூடாக்கிக் கிளப்ப வேண்டும். பிறகு எரிதலின் சூடும், மெதனாலோடு பிளாட்டினம் சேரும்போது உண்டாகும் சூடும் அதைக் கனலவே வைத்திருக்கும்.

ஆகவே வண்டி ஓடாவிட்டால் திருகைத் தொடாதீர்கள். முதலில் இவற்றைப் பாருங்கள்:

1. பிளக்கைக் கழற்றி பேட்டரியில் வைத்தால் சுருள் நன்றாகச் சிவக்கிறதா? பேட்டரியை எடுத்ததும் எஞ்சின் நின்றால், பிளக் பழுது அல்லது எரிபொருள் அதிகம்.

2. எரிபொருள் புதியதா? மெதனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் மூடி சரியாக மூடாத டப்பா வீண்.

3. ஏர் ஃபில்டர் சுத்தமா? எரிபொருள் குழாயில் ஓட்டை உண்டா?

4. கயிறு இறுகி வரவில்லையா? பலமாக இழுக்காதீர்கள். சிலிண்டரில் எரிபொருள் நிரம்பியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு நாலைந்து முறை இழுத்தால் வெளியே வந்துவிடும்.

இவையெல்லாம் சரி என்றால்தான் திருகு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, முதலில் வேகத்துக்கான ஊசி, அடுத்து மெதுவேக ஊசி, கடைசியில் ஐடில் திருகு. வலப்பக்கம் திருப்பினால் எரிபொருள் குறையும், இடப்பக்கம் கூடும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்து, நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்று நான்கு விநாடியில் கொதித்து ஆவியானால் சரி. விட்டதுமே பொரிந்து மறைந்தால் சூடு அதிகம். உடனே நிறுத்தி, ஆறிய பின் ஊசியைத் திறங்கள். சும்மா நின்றால் எரிபொருள் அதிகம். நம் நாக்பூரில் மே மாத வெயிலுக்கு வைத்த அளவு டிசம்பர் குளிருக்கு ஆகாது. குளிர்காற்று அடர்த்தியானது, எரிபொருள் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, பிளக் துளையில் சில சொட்டு எண்ணெய் விடுங்கள். இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். இன்னொன்று: மெதனால் கொடிய விஷம். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பெரியவர்கள் கூட இல்லாமல் பிள்ளைகள் தொடவே கூடாது.

"காரணம் தெரியாமல் ஸ்பானரை எடுக்காதே" என்று ஷெட்டில் எத்தனையோ அப்ரண்டிஸ்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் பேரன் விஷயத்தில் நானே அதை மறந்தேன். புது பிஸ்டன், ஸ்லீவ் வாங்கினோம். முதல் சில டேங்க் எரிபொருளை ஊசியைத் தாராளமாகத் திறந்து, மெதுவாகவே ஓட்டிப் பழக்கினோம். இப்போது திருகு பேரன் கையில், நோட்டுப் புத்தகம் என் கையில். வண்டி மெல்லிய புகை விட்டுக்கொண்டு ஓடுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.