ஒயர் மாட்டியாச்சு, நெட் ஏன் வரலை?

ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்கு எங்கள் வகுப்பில் பதினோரு பேர் விண்ணப்பம் கொடுத்திருந்தோம். தேர்வு பெற்றால் பன்னிரண்டாம் வகுப்பு வரை வருடம் ரூ.1000 கிடைக்கும். கடைசி நாள் பார்த்துப் பள்ளிக்கூடத்து நெட் படுத்துக்கொண்டது. டீச்சர் தன் செல்போனை யூ.எஸ்.பி. ஒயரால் கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். இதற்கு டெதரிங் என்று பெயர். அப்பவும் நெட் வரலை.

"சார்ஜ் ஏறுதுங்களே டீச்சர், அப்புறம் ஏனுங்?" என்றாள் தோழி.

சார்ஜ் ஏறுவது வேறு, தகவல் போவது வேறு! சாதாரண யூ.எஸ்.பி. ஒயருக்குள் நாலு கம்பி இருக்கும். இரண்டில் 5 வோல்ட் மின்சாரம், மற்ற இரண்டில் தகவல். விலை குறைந்த சில ஒயர்களில் தகவல் கம்பியே கிடையாது. அதை மாட்டினால் போனில் டெதரிங் பொத்தான் மங்கலாகவே நிற்கும், அமுக்க முடியாது. எங்களுக்கும் அதேதான். (1996இல் வந்த யூ.எஸ்.பி.யை உருவாக்கியவர்களில் ஒருவர் வதோதராவில் பிறந்த அஜய் பட். நம்ம நாட்டுக்காரர்!)

வேறு ஒயர் மாட்டியதும் பொத்தான் வேலை செய்தது. நெட் மட்டும் வரலை. தோட்டத்துக்குத் தண்ணி பாயலைன்னா கிணத்து மோட்டாரில் ஆரம்பித்து ஒவ்வொரு மடையாகப் பார்ப்போமே, அதேபோல இதையும் பார்க்கணும்.

கறுப்புத் திரையில் 'ஐபிகான்ஃபிக்' என்று அடித்தால் கம்ப்யூட்டரின் முகவரி எண் தெரியும். அது 169.254 என்று தொடங்கினால், போன் முகவரி தரவில்லை, கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். டெதரிங்கை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம். எங்களுக்கு முகவரி சரியாக இருந்தது.

அடுத்து 'பிங்'. 1983இல் அமெரிக்காவின் மைக் மூஸ் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலிக்கருவியின் சத்தம்தான் அந்தப் பெயர். 'கேட்வே' என்று காட்டிய எண், அதாவது போனின் எண்ணுக்கு, நான் பிங் அடித்தேன். பதில் வந்தது. ஆக, ஒயர் நல்லா இருக்கு. 8.8.8.8 என்ற கூகுள் எண்ணுக்கு அடித்தேன். பதில் இல்லை. கோளாறு போனுக்கு அந்தப்பக்கம்! பார்த்தால் சிக்னல் ஒரு கோடுதான். போனை ஜன்னலோரம் வைத்ததும் வந்துவிட்டது. பதினோரு விண்ணப்பமும் நாலு மணிக்குள் ஏறின.

எண்ணுக்குப் பதில் வந்தும் இணையதளம் திறக்காவிட்டால், பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

சார்ஜ் மட்டும் ஏறும் ஒயரில் சிவப்பு நூல் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறோம். நூலை யாரும் அவிழ்த்துடாதீங்க.