பட்டுக்கு அப்பால் காஞ்சி: ஒரு நாள் சுற்றிப் பார்க்க

மும்பையில் நம் வீடுகளில் கல்யாணம் நிச்சயமானால் முதலில் எழும் பேச்சு காஞ்சிபுரம்தான். மாதுங்கா கடைகளில் எவ்வளவு பட்டு குவிந்து கிடந்தாலும், முகூர்த்தப் புடவையை மட்டும் "நேரா காஞ்சிபுரம் போய் எடுத்துடலாம்" என்பார்கள். போய் வந்தவர்களிடம் ஊரில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "காமாட்சி, ஏகாம்பரேஸ்வரர், வரதராஜர் எல்லாம் சேவிச்சாச்சு, புடவையும் எடுத்தாச்சு" என்று பதில் வரும். புண்ணியமும் புடவையும் சேர்ந்து கிடைத்தது நல்லதே. ஆனால் காஞ்சி அவ்வளவோடு முடிகிற ஊர் அல்ல.

பெரிய காஞ்சியைச் சிவ காஞ்சி என்றும், சின்னக் காஞ்சியை விஷ்ணு காஞ்சி என்றும் சொல்வது பலருக்கும் தெரியும். பௌத்தமும் இங்கே செழித்திருந்தது. நாலந்தா பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கிய தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர். நான்காவதாக, வேகவதி ஆற்றின் தென்புறம் உள்ளது ஜின காஞ்சி. கி.பி. 640ஐ ஒட்டி இங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூறு பௌத்த விகாரங்களையும் எண்பது தேவாலயங்களையும் கணக்கெழுதிவிட்டு, நிர்க்கிரந்தர்கள் பலர் என்றும் குறித்தார். நிர்க்கிரந்தர் என்றால் திகம்பர சமணர்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த நகரில் "ஜெயின்" என்றதும், "நீங்க குஜராத்தியா, மார்வாடியா?" என்பார்கள். தமிழன் என்றால், "எப்போ தமிழ் கத்துக்கிட்டீங்க?" என்பார்கள். கேட்பவர்களும் தமிழர்களே! வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக நிலம் உழுது வாழும் தமிழ்ச் சமணர்கள் இருக்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட ஏற்ற இடம் காஞ்சி. ஆகவே ஒரு நாளைக்கு ஏற்றபடி வரிசையாகச் சொல்கிறேன்.

காலை: கைலாசநாதர் கோயில்

மும்பையிலிருந்து சென்னை செல்லும் ரயில்களில் பல அரக்கோணத்தில் நிற்கும். அங்கிருந்து காஞ்சி சுமார் 30 கிலோமீட்டர். காலை வெயிலில் முதலில் பார்க்க வேண்டியது கைலாசநாதர் கோயில். ராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லால் கட்டியது. சுற்றுப் பிராகாரத்தில் 58 சிறு சந்நிதிகள். அவற்றில் மங்கிக் கிடந்த பல்லவர் ஓவியங்களை 1931இல் அறிஞர் ழூவோ துப்ராய் கண்டறிந்தார்.

இங்கே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு ஒன்று உண்டு. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது, இக்கோயிலின் செல்வத்தை எடுத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்ததாக அது சொல்கிறது. அவன் தேவி பட்டடக்கல்லில் எழுப்பிய விரூபாட்சர் கோயிலில் காஞ்சியின் சாயல் இருக்கிறது. பின்னர் ராஷ்டிரகூடர் எல்லோராவில் குடைந்த கைலாசத்தில் அந்த மரபு இன்னும் வளர்ந்தது என்பது கலை வரலாற்றாளர் கருத்து. எல்லோரா பார்த்த மும்பைப் பிள்ளைகளிடம், "அதுக்குப் பாட்டி வீடு இது" என்று சொல்லுங்கள், சட்டெனப் புரியும். எல்லோராவில் இந்திர சபை முதலான சமணக் குகைகளையும் பார்த்திருந்தால் அடுத்த இடம் இன்னும் நன்றாக விளங்கும்.

முற்பகல்: திருப்பருத்திக்குன்றம்

கைலாசநாதரிலிருந்து ஆட்டோவில் சிறிது தூரம்தான். பெயரில் குன்றம் இருந்தாலும் மலையைத் தேடாதீர்கள், இது அமைதியான சிற்றூர். ஆறாம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடான பள்ளன்கோயில் செப்பேட்டில், பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி என்ற முனிவருக்கு ஊர் கொடுத்த செய்தி இருக்கிறது. அப்போதே இது பேர் பெற்ற பள்ளி.

இங்கே இரண்டு கோயில்கள். சிறியது சந்திரப்பிரபர் கோயில். இதன் கருவறை மேல்தளத்தில் இருக்கிறது, படியேறிப் போக வேண்டும். பெரியது திரைலோக்கியநாதர் கோயில். மூவுலக நாதர் என்று பெயர் பெற்ற இவர் வர்த்தமான மகாவீரரே. சோழர் கல்வெட்டுகளும் விஜயநகரக் கல்வெட்டுகளும் இங்கு உள்ளன.

முன்னால் உள்ள சங்கீத மண்டபத்தில் நிதானமாக நில்லுங்கள். தம் குரு புஷ்பசேனரின் சொற்படி விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டியது. ஹம்பியில் உள்ள குந்து ஜிநாலயத்தைக் கட்டியவரும் இவரே. மண்டபத்தின் விதானம் முழுக்க ஓவியம். அவற்றில் பெரும்பகுதி பிற்காலத்தில் தீட்டியது. ரிஷபதேவர், நேமிநாதர், மகாவீரர் வரலாறுகள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. படங்களோடு தமிழிலும் கிரந்தத்திலும் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளை அதை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். சமணக் கதைக்குத் தமிழில் குறிப்பு எழுதினார்கள் என்றால், அதை யார் படிப்பதற்காக எழுதினார்கள் என்று அவர்களே யோசிக்கட்டும்.

நேமிநாதர் வரிசையில் கண்ணன் கதையும் வரும். ஏன் என்று கேட்பார்கள். சமண மரபில் நேமிநாதர் யதுகுலத்தில் பிறந்தவர், கண்ணனுக்குப் பங்காளி உறவு. தம் கல்யாண விருந்துக்காக அடைத்து வைத்த மிருகங்களின் ஓலம் கேட்டு, மாப்பிள்ளைக் கோலத்திலேயே திரும்பித் துறவு பூண்டவர் என்பது எங்கள் புராணம். கல்யாணப் புடவைக்கு வந்தவர்களுக்கு இந்தக் கதை சொல்லலாமோ கூடாதோ, நான் சொல்லிவிட்டேன்!

கோயிலின் பின்புறம் பழைய குராமரத்தின் இடத்தையும், முனிவர் நினைவான பலிபீடங்களையும் பாருங்கள். மேருமந்தர புராணம் பாடிய வாமன முனிவர் இங்கு வாழ்ந்தவர் என்பது எங்கள் மரபு. நம் பிள்ளைகள் இலக்கணம் படித்தால் தொடும் நன்னூலைச் செய்த பவணந்தி முனிவரும் சமணரே.

நண்பகல்: பிள்ளையார்பாளையம்

பெரிய கோயில்களில் நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் பக்கத்திலுள்ள பிள்ளையார்பாளையத்தில் தறி பாருங்கள். உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதற்குக் கோர்வை என்று பெயர். அதற்கு ஒரு பக்கம் உதவியாள் வேண்டும். வேறு நிற முந்தானையை இணைப்பது பேட்னி. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, சரிகை நம் பக்கத்துச் சூரத்திலிருந்து போகிறது. புழுவைக் கொதிநீரில் இடுவதால் எங்களில் விரதம் காப்பவர்கள் பட்டு உடுத்துவதில்லை. ஆனாலும் அந்தக் கைவேலையை வியக்காமல் திரும்ப முடியாது. அதைப் பார்த்த பிறகு விலை பேசுகிற குரல் தானாக இறங்கும்.

மாலை: மற்றக் கோயில்கள்

நடை திறந்ததும் முதலில் வைகுந்தப் பெருமாள் கோயில். இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. சுற்று மண்டபச் சுவரில் பல்லவர் வரலாறே சிற்பமாக இருக்கிறது, சிறுவனாக இருந்த அவனை அரசனாக்கிய கதை உட்பட. பிறகு காமாட்சி, கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பிய ராஜகோபுரம் நிற்கும் ஏகாம்பரநாதர், கடைசியாகச் சின்னக் காஞ்சி வரதராஜர். மிளகு, சீரகம், சுக்கு சேர்ந்த கோயில் இட்லியைச் சாப்பிட்டுப் பாருங்கள். 2019இல் குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திவரதரை மறுபடி காண 2059 வரை காத்திருக்க வேண்டும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் செஞ்சி அருகே மேல்சித்தாமூர் போகலாம். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அங்குதான் இருக்கிறது. அதற்கு இன்றும் ஜினகாஞ்சி மடம் என்றே பெயர்.

ஒரு வேண்டுகோள். பருத்திக்குன்றத்தில் கூட்டம் இராது. கதவு சாத்தியிருந்தால் திரும்பிவிடாமல் அக்கம்பக்கத்தில் கேளுங்கள், திறந்து காட்டுவார்கள். ஓவியத்தில் கை படக் கூடாது, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. வந்தவர்கள் ஏட்டில் பெயர் எழுதச் சொன்னால் ஊர் மும்பை என்று தமிழிலேயே எழுதுங்கள்.